‘எல்லாம் நார்மல்’ என்கிறார்கள், உடம்பு முடியவில்லை: தைராய்டு நோய் ஏன் பிடிபடுவதில்லை?

பெண்கள் தம் கணவர் வழியாகவோ, ஆலிமின் வீட்டார் வழியாகவோ நம்மிடம் கேட்டனுப்பும் கேள்விகளில் மாதவிடாய் பற்றியவை அதிகம். “இரத்தம் இத்தனை நாளாகியும் நிற்கவில்லை, தொழலாமா?” என்று கேட்பார்கள். ஷாஃபி மத்ஹபில் ஹைளின் உச்ச அளவு 15 நாட்கள், ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள். அதைத் தாண்டிய இரத்தம் இஸ்திஹாளா, குளித்துவிட்டு வக்துக்கு வக்து உளூச் செய்து தொழுங்கள் என்று மஸ்அலாவைச் சொல்லி அனுப்புகிறோம். தொழுகையின் சட்டம் அத்துடன் தெளிவாகிவிடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் இரத்தம் இப்படிப் போவதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கும் அல்லவா? கருப்பையில் கட்டி இருக்கலாம். தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் சில ஆண்டுகளாக மஸ்அலாவோடு சேர்த்து, “களைப்பு உண்டா, முடி கொட்டுகிறதா, மற்றவர்களுக்கு இல்லாத குளிர் உங்களுக்கு மட்டும் தெரிகிறதா, டாக்டரிடம் காட்டினீர்களா?” என்றும் கேட்டனுப்புகிறோம். வரும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. “காட்டினோம் ஹஜ்ரத், நாலு டாக்டரிடம் காட்டிவிட்டோம், ஒன்றும் இல்லை என்கிறார்கள்.”

நாம் மருத்துவர் அல்ல. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவர் சொல்ல வேண்டியவை. ஆனால் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நாளாகிறது, குடும்பத்தார் அதில் என்ன செய்யலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நம் எல்லோருக்கும் அவசியம். ஏனென்றால் பிடிபடாத இந்த நோயினால் குடும்பங்கள் ஜமாஅத் அலுவலகம் வரை வந்து நின்றதைப் பார்த்திருக்கிறோம்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. டி4, டி3 என்ற ஹார்மோன்களை அது சுரக்கிறது. உடம்பின் எல்லா உறுப்புகளும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை இந்த ஹார்மோன்கள்தாம் தீர்மானிக்கின்றன. அவை குறைந்தால் இதயம் மெதுவாகும், குடல் மந்தமாகும், தோல் வறளும், எடை கூடும், ஞாபகம் மங்கும், மனம் சோர்ந்துபோகும். அதிகமானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், தூக்கம் போய்விடும். ஆண்களுக்கும் வரும். பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் நம் வீடுகளில் ஏற்கனவே ஒரு காரணம் தயாராக இருக்கிறது. மூன்று பிள்ளை பெற்றவள் களைப்பாகத்தானே இருப்பாள், உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டத்தானே செய்யும், புருஷன் சவூதியில் இருந்தால் மனசு சோர்ந்துதானே இருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறோம். மருத்துவரிடம் போகும்போதும் இவற்றைத் துண்டு துண்டாகவே கொண்டு போகிறோம். முடிக்குத் தோல் டாக்டர், முதுகுவலிக்கு எலும்பு டாக்டர், இரத்தப்போக்குக்கு மகப்பேறு டாக்டர், கொழுப்பு கூடியிருந்தால் அதற்கு ஒரு பொது மருத்துவர். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தம் முன்னே வைக்கப்பட்டதற்கு மருந்து எழுதுகிறார். யாரிடமும் முழுக் கதை போய்ச் சேருவதில்லை. கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் அதைக் கேட்டு வாங்கவும் நேரமில்லை.

ஒன்றுபோல் தோன்றும் நோய்களைப் பிரித்தறிவதுதான் மருத்துவத்தின் கடினமான பகுதி. பத்தாம் நூற்றாண்டில் இமாம் அபூபக்ர் அர்ராஸி பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டத் தனி நூலே எழுதினார். இரத்த சோகை, வைட்டமின் டி குறைவு, பி12 குறைவு, சர்க்கரை, மன அழுத்த நோய் எல்லாமே களைப்பில்தான் தொடங்குகின்றன. மருத்துவரைக் குறை சொல்வதற்கு முன் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சரி, பரிசோதனை செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. டி.எஸ்.எச். அதிகம் என்று இருப்பதைப் பார்த்துத் தைராய்டு கூடிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இது நேர் தலைகீழான புரிதல். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. வேலைக்காரர் மெதுவாக இருந்தால் முதலாளி குரலை உயர்த்துவதைப் போல, தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது டி.எஸ்.எச். உயரும். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டி.எஸ்.எச். தாழும். பெரும்பாலான லேப்கள் சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்று அச்சிடுகின்றன. லேபுக்கு லேப் சிறிது மாறும். கர்ப்பிணிகளுக்கு அளவே வேறு.

டி.எஸ்.எச். நல்ல பரிசோதனைதான், பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றே வழிகாட்டும். ஆனால் முதலாளியே நோயாளியாகிவிட்டால் என்ன ஆகும்?

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அச்சகோதரிக்கு மூன்றாவது பிரசவத்தில் இரத்தம் அளவில்லாமல் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். வீடு திரும்பிய பிறகு தாய்ப்பால் சுரக்கவே இல்லை. இந்தப் பிள்ளைக்கு அந்த நஸீபு இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், பிள்ளை புட்டிப்பாலில் வளர்ந்தது. அதன்பின் மாதவிடாயும் வரவில்லை. இதையும் யாரும் நோயாக நினைக்கவில்லை. முப்பது நோன்பையும் களா இல்லாமல் பிடிக்கிறாளே, கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்களாம்.

களைப்பு மெல்ல மெல்லக் கூடியது. அடுப்பங்கரையில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பாட்டில் ஏற்றினால் இரண்டு நாள் எழுந்து நடமாடுவார், மூன்றாம் நாள் பழைய நிலைமை. ஒரு மருத்துவமனையில் தைராய்டு பார்த்தார்கள். டி.எஸ்.எச். சரியான அளவில் இருந்தது. “தைராய்டெல்லாம் இல்லை, மனசுதான் காரணம்” என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாமியார் சோம்பேறித்தனம் என்றார். போனில் இதையே கேட்டுக் கேட்டு வெளிநாட்டிலிருந்த கணவரும் அப்படியே நம்பினார். பிறகு ஜின் கோளாறு என்று ஓதிப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். கடைசியில் தலாக் பேச்சு ஜமாஅத்துக்கு வந்தது. அங்கே பெரியவர் ஒருவர், “முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்” என்று திருப்பி அனுப்பினார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார். கடைசிப் பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனதா? பிள்ளைக்குப் பால் சுரந்ததா? ஆறு ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்விகள் அவை.

இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெருத்திருக்கும். பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போகும்போது அதற்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் அதன் பகுதிகள் செத்துவிடுகின்றன. பால் சுரக்கவும், மாதவிடாய் வரவும், தைராய்டு வேலை செய்யவும் கட்டளையிடுவது அந்தச் சுரப்பிதான். கட்டளை போகாததால் தைராய்டு ஓய்ந்து கிடக்கும். குரலை உயர்த்தச் சக்தியில்லாததால் டி.எஸ்.எச். மட்டும் காகிதத்தில் சரியாகவே தெரியும். ஃப்ரீ டி4 என்ற பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கார்டிசால் என்ற உயிர்காக்கும் ஹார்மோனும் இந்த நோயில் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவர் முதலில் கார்டிசாலுக்குரிய மருந்தைத் தொடங்கி, அதற்குப் பிறகே தைராய்டு மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் அச்சகோதரி மற்றவர் கையைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினார், அல்ஹம்துலில்லாஹ். தலாக் பேச்சும் நின்றுபோனது. ஆயுள் முழுக்க மருந்து உண்டு. நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதால் இப்போது ஃபித்யா கொடுக்கிறார்.

இந்த நோய் எல்லோருக்கும் வருவதல்ல. பரவலாகக் காணப்படுவது வேறொன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் அது. 1912இல் அதை முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. அதில் டி.எஸ்.எச். பரிசோதனையே வழி காட்டிவிடும், பரிசோதனை எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். பிரசவமான முதல் ஆண்டுக்குள் வரும் தைராய்டு அழற்சியும் உண்டு. முதலில் படபடப்பாகவும் பிறகு சோர்வாகவும் மாறுவதால் பிள்ளை பெற்ற மனச்சோர்வு என்றே பலர் விட்டுவிடுகிறார்கள்.

பரிசோதனையையே ஏமாற்றும் ஒரு விஷயத்தை நம் சகோதரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கிறது. இரத்தத்தில் அது இருந்தால் பல லேப்களின் பரிசோதனை முறை குழம்பி, டி.எஸ்.எச்.ஐக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டிவிடும். அதாவது தைராய்டு குறைந்தவருக்குக் கூடியிருப்பதாகவே ரிப்போர்ட் வரலாம். முடி கொட்டியதே தைராய்டினால், அதற்குத் தின்ற மாத்திரையே தைராய்டை மறைக்கிறது! அதை இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே நிறுத்துவது நல்லது. அதிக அளவில் சாப்பிடுபவர் இன்னும் முன்னதாக நிறுத்த வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

எதிர்ப்பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. டி.எஸ்.எச். 5 அல்லது 6 என்று வந்தவுடன் எல்லாவற்றுக்கும் தைராய்டே காரணம் என்று முடிவுகட்டிவிடுவது. ஃப்ரீ டி4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் 10க்குக் கீழே சற்று உயர்ந்திருந்தால், கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பதே பெரும்பாலும் வழக்கம். அதற்குள் பலருக்குத் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. களைப்புக்கு இரத்த சோகை காரணமாக இருந்தால், தைராய்டு மாத்திரை தின்பதால் அது தீராது.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். எது எந்த மாதம் தொடங்கியது, மாதவிடாய் எப்படி, பிரசவங்களில் என்ன நடந்தது, பால் சுரந்ததா, தாய்க்கோ சகோதரிக்கோ தைராய்டு உண்டா, இப்போது என்னென்ன மாத்திரை. நாட்டு மருந்து, லேகியம், முடி மாத்திரை உட்பட மறைக்காமல் எழுதுங்கள். மாதவிடாயைப் பற்றி மாமனார் முன்னிலையில் சொல்ல எந்தப் பெண்ணும் கூசுவாள். தாள் இருந்தால் வாய் திறக்கத் தேவையில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி ஒரே ஃபைலில் வையுங்கள். “ஃப்ரீ டி4 பார்க்க வேண்டுமா டாக்டர்?” என்று அடக்கமாகக் கேட்பதில் தவறில்லை. அவர் காதில் வாங்காவிட்டால் ஹார்மோன் நோய்க்கென்றே படித்த எண்டோகிரைனாலஜிஸ்ட் ஒருவரிடம் போகலாம். அரசின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அந்தப் பிரிவு இருக்கிறது.

ஓதிப் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். துஆவும் ஓதுதலும் நம் மார்க்கத்தில் உள்ளவை, மருந்து தேடுவதும் நபிவழி. ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தச் சொல்லும் எவரிடமும் உங்கள் வீட்டுப் பெண்ணை அழைத்துச் செல்லாதீர்கள். சோர்ந்து கிடப்பவளுக்கு ஜின் என்று பெயர் வைத்துப் பணம் வாங்குபவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சில நூறு ரூபாய் இரத்தப் பரிசோதனைக்கு யோசிக்கும் குடும்பம் அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறது.

நோய் உறுதியாகி லெவோதைராக்சின் மாத்திரை தொடங்கியவர்கள், அதை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீரோ உணவோ எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். நிலைப்படும், அதற்கு முன் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், ஆரம்ப மாதங்களில் சிசுவுக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம்.

ரமளானில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தைராய்டு குறைவு மட்டும் உள்ளவர்களில் பெரும்பாலோர் நோன்பு வைக்கலாம். சஹர் உணவுக்குக் குறைந்தது அரை மணி முன்பு எழுந்து மாத்திரையைப் போடலாம். அல்லது இஃப்தாருக்குப் பின் மூன்று மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் இருந்து, தராவீஹ் முடிந்து படுக்கும்போது போடலாம். இரண்டில் எது உங்களுக்குத் தோது என்பதை ஷஃபானிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். நோன்பு நேரத்தில் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தால் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது.