மருந்துக்கு அடங்காத கிருமிகள்

மருத்துவமனைகளில் சீழ்ப்புண்ணை உண்டாக்கும் கிருமிகளுள் முதன்மையானது ஸ்டெபிலோகாக்கஸ். நுண்நோக்கியில் திராட்சைக் குலைபோல் தோன்றும் இது, நம்மில் பலருடைய மூக்கினுள் தீங்கின்றிக் குடியிருக்கிறது. அறுவை செய்த புண்ணில் நுழைந்தாலோ உயிரையும் குடித்துவிடக் கூடும். 1940-களில் பெனிசிலின் வந்ததும் இதன் கொட்டம் அடங்கியது என்றே பலர் எண்ணினர்.

அந்த எண்ணம் நெடுநாள் நிலைக்கவில்லை. இலண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் என்னும் அம்மையார் நோயாளிகளிடமிருந்து எடுத்த இக்கிருமிகளைச் சோதித்து வந்தார். 1946-இல் அவற்றுள் நூற்றுக்கு 14 பெனிசிலினுக்கு அடங்காதவை, 1947-இல் 38, 1948-இல் 59. அவை பெனிசிலினேஸ் என்னும் நொதியைச் சுரந்து மருந்தையே சிதைத்தன.

அப்படியானால், கிருமி மருந்தைக் கண்டு பாடம் கற்றுக்கொண்டதா? வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. கெட்டிக்காரர்களும் இடறும் இடம். விடையை 1952-இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பர்க்கும் அவர் மனைவியார் எஸ்தரும் வெல்வெட் துணியைக் கொண்டு காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது குடலில் வாழும் வேறொரு கிருமி. மருந்து கலவாத தட்டில் அதை வளர்த்து, மேலே துணியை ஒற்றி, அதே துணியை ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டுகளில் ஒற்றினர். இரப்பர் முத்திரைபோல், கிருமிகள் இடம் மாறாமல் பதிந்தன. மருந்துத் தட்டுகளில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சில பிழைத்தன. முதல் தட்டில் அவ்விடங்களிலிருந்து கிருமிகளைத் திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்தபோது, மருந்தையே கண்டிராத, ஆயினும் மருந்துக்கு அஞ்சாத கூட்டம் ஒன்று கிடைத்தது. எதிர்ப்பாற்றல் முன்பே சிலவற்றிடம் தற்செயலாக அமைந்திருந்தது. மருந்து மற்றவற்றை அழித்து, அவற்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுத்தது.

மருத்துவமனையில் இது நாள்தோறும் நிகழ்கிறது. அங்கே மருந்து ஓயாமல் புழங்குகிறது. புண்பட்ட உடல்களோ அருகருகே கிடக்கின்றன. எஞ்சிய கிருமியை அடுத்த கட்டிலுக்குக் கொண்டுசெல்லக் கழுவாத ஒரு கை போதும்.

பெனிசிலினேஸால் சிதையாத மெதிசிலின் 1960 அளவில் வந்தது. மறு ஆண்டே, அதற்கும் அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் பற்றிய செய்தி இங்கிலாந்தில் வெளியாயிற்று. இதன் தந்திரம் வேறு: தன் சுவரைக் கட்டும் நொதிக்குப் பதிலாக, மருந்து எளிதில் பற்றாத நொதி ஒன்றை வைத்துக்கொள்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஐரோப்பிய முள்ளெலிகளைப் பற்றியது. அவற்றின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் வாழும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகளிடையே, மெதிசிலினை எதிர்க்கும் ஒரு வகை 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தோன்றிவிட்டது என்று 2022-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டுகிறது. மெதிசிலின் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னர்!