எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறவருக்கு

பல வருஷங்களுக்கு முன் வாங்கிய மடிக்கணினி ஒன்று, பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்த பின்னும் விழித்தெழாமல் கிடக்குமானால், அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் பழியைப் பிராசசரின் மேல் போட்டுவிட்டுப் புதிய கணினிக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். குற்றவாளியோ அநேகமாக உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றும் அந்தத் தட்டில், வேண்டிய தகவல் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி ஆகிறது. முனை உரிய இடத்துக்கு நகர அதைவிட அதிக காலம் ஆகிறது. விண்டோஸ் கண் திறப்பதற்குள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படித்தாக வேண்டும் என்பதை நினைத்தால், காப்பி ஆறிப்போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் அவருடைய சகாக்களும் 1987-ல் உலகுக்கு அறிவித்த நேண்ட் ஃபிளாஷ் என்னும் நினைவகம், சுழலும் அங்கம் எதுவுமின்றி, நுண்ணிய செல்களுக்குள் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி, மின்சாரம் நின்ற பிறகும் தகவலைக் காத்து நிற்பது. அதை ஆதாரமாகக் கொண்ட எஸ்.எஸ்.டி., தட்டு பத்து பதினைந்து மில்லி விநாடி தேடும் கோப்பை ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு காலத்தில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஆகவே தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதுதான் பெரிய தாண்டல். அதற்கு மேல் செலவழிக்கும் பணத்துக்கு என்ன பலன் என்பதைத்தான் வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டும்போது முதலில் விரல் வைப்பது வேகத்தின் மேல். பழைய சாட்டா இணைப்பில் வருவது விநாடிக்குச் சுமார் 550 மெகாபைட்தான். என்விஎம்இ வகையில் மூன்றாம் தலைமுறை 3500-ஐயும், நான்காம் தலைமுறை 7000-ஐயும், ஐந்தாம் தலைமுறை 14000-ஐயும் ஒட்டி நிற்கும். கேட்கும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை பெரிய கோப்பு ஒன்றை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வேகங்களே தவிர, சிறு கோப்புகளைச் சிதறலாகத் தேடி எடுக்கும் அன்றாட வேலையின் வேகங்கள் அல்ல. கடிதம் தட்டச்சு செய்து, கணக்கு எழுதி, படம் பார்க்கும் குடும்பத்தில் 3500-க்கும் 7000-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தாலொழியக் கண்டுபிடிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

வாங்குமுன் நம் யந்திரத்தில் எந்த இணைப்பு இருக்கிறது என்று பார்ப்பது அவசியம். சூயிங்கம் பட்டை போல் மெலிந்த எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. ஒன்றுக்கான துவாரத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். மேலே 2280 என்று போட்டிருந்தால் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். சில சிறு யந்திரங்களுக்கு 2230 தான் பொருந்தும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போடாத விஷயம் செல்களின் ஜாதி. ஒரு செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி. நான்கு வைத்தால் கியூஎல்சி. நான்கு பிட் என்றால் அந்த ஒரே செல்லில் பதினாறு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். இடம் மிச்சமாகி விலை குறைகிறது, ஆனால் எழுதும் வேலை மந்தமாகி ஆயுளும் சுருங்குகிறது. இந்த மந்தத்தை மறைப்பதற்காகச் செல்களில் ஒரு பகுதியை ஒற்றைப் பிட் முறையில் வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு ஓய்வாக உள்ளே மாற்றி அடுக்குகிறார்கள். வண்டியில் வந்த மூட்டைகளையெல்லாம் முதலில் திண்ணையில் இறக்கிவிட்டு அப்புறம் அறைக்குள் கொண்டுபோவதைப் போல. திண்ணை நிரம்பிவிட்டால் வண்டி தெருவிலேயே நிற்க வேண்டியதுதான். சாம்சங்கின் 870 கியூவிஓ ஒரு டெராபைட் மாதிரியில் இப்படி 42 கிகாபைட் வரைதான் இடம். அதைத் தாண்டி ஒரே மூச்சில் எழுதினால் வேகம் விநாடிக்கு 80 மெகாபைட்டாக, அதாவது பழைய தட்டையும்விடக் கீழாக, இறங்கிவிடுமென்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. கல்யாண வீடியோக்களை நாள் முழுதும் நகலெடுக்கும் தொழிலாளிக்கு இது பெரிய அவஸ்தை. விளையாட்டை ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டுப் பல மாதம் படித்துக்கொண்டே இருப்பவருக்கோ ஒரு பொருட்டல்ல. இரண்டு விலைகளும் நெருங்கியிருந்தால் டிஎல்சியையே எடுக்கலாம். 2021-ல் சில பிரபல நிறுவனங்கள் மாதிரியின் பெயரை மாற்றாமலே உள்ளிருக்கும் சிப்புகளை மாற்றியது அம்பலமாயிற்று. ஆகையால் பழைய பரிசோதனைக் குறிப்பை நம்பி வாங்குவதும் பூரண பாதுகாப்பு ஆகாது.

ஆயுளைக் குறித்த பயம் பலருக்கு இருக்கிறது. மேற்சொன்ன கியூவிஓவுக்கு 360 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம். அதன் டிஎல்சி சகோதரனாகிய 870 ஈவிஓவுக்கு 600. தினம் 40 கிகாபைட் எழுதினாலும், இது சாதாரண வீட்டில் எழுதுவதைவிட மிக அதிகம், குறைந்ததாகிய 360-ஐத் தீர்க்க இருபத்துநான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் கணினியே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் எஸ்.எஸ்.டி. பழுதானால், ஹார்ட் டிஸ்க்கைப்போல் கடகடவென்று முன்கூட்டி எச்சரிக்காமல் சட்டென்று அணைந்துவிடுவதுண்டு. முக்கியமான கோப்புகளுக்கு வேறு இடத்தில் நகல் வைத்திருப்பவர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.

விளையாட்டுக் கருவிகளின் விஷயம் வேறு. அங்கே நம் இஷ்டம் செல்லாது. பிளேஸ்டேஷன் 5-ல் 2021 செப்டம்பரிலிருந்து உட்புறத் துவாரம் திறந்துவிடப்பட்டது. அதற்கு நான்காம் தலைமுறை என்விஎம்இ கட்டாயம், விநாடிக்கு 5500 மெகாபைட் படிக்கும் வேகம் சிபாரிசு, சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு அவசியம், அந்தத் தகட்டோடு சேர்த்து மொத்தக் கனம் 11.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-க்கோ இரண்டரை அங்குலச் சாட்டாவே போதும். விலையுயர்ந்ததைப் போடுவது வீண். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வகையில் கூடுதலாக மாட்டும் சேமிப்பிலிருந்து புது விளையாட்டுகளை நேரே ஆட வேண்டுமானால் அதற்கென்றே தயாரித்த அட்டைதான் வாங்க வேண்டும், யு.எஸ்.பி.யில் மாட்டும் மலிவான எஸ்.எஸ்.டி.யில் அவற்றைச் சேமித்து வைக்கலாம், பழைய விளையாட்டுகளை ஆடவும் செய்யலாம்.

கொள்ளளவில் மாத்திரம் சற்றுத் தாராளம் வேண்டும். சிறிய கொள்ளளவு மாதிரிகள் பொதுவாக மெதுவானவை, நிரம்பியபின் இன்னும் மெதுவானவை. வேகத்துக்கென்று வைத்திருந்த பணத்தை ஒரு டெராபைட்டுக்குத் திருப்பிவிடுவது உத்தமம். மாட்டியதும் திரையில் 931 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரங்களாகவும் விண்டோஸ் 1024-களாகவும் எண்ணுவதால் வந்த பேதம் அது. சண்டைக்குப் போக வேண்டியது, அற்ப விலைக்கு 16 டெராபைட் என்று ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத பெட்டிகளைப் பற்றித்தான்: உள்ளே ஒரு சிறு மெமரி கார்டை ஒட்டி, கணினியிடம் பொய்யான கொள்ளளவு சொல்லும்படி செய்திருப்பார்கள், இல்லாத இடத்தில் எழுதிய கோப்புகள் மாயமாகிவிடும். முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் தவணை முடிவதற்குள், ஒரு இரவு முழுதும் ஓடவிட்டாவது அந்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும்.