ஆட்டமுறை மாறும்போது ஆட்டக்காரர்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

இலக்கியக் கூட்டத்தில் அட்டை விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் ஒரு நிமிடம் யோசித்தார். நம் வீடுகளில் சீட்டு என்றாலே பெரியவர்களின் முகம் மாறிவிடுமே. பயப்பட வேண்டாம், ரம்மி பற்றிப் பேச வரவில்லை. எழுதி வைத்த விதி மாறினால் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'மேஜிக்: தி கேதரிங்' வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு, கணிதம் படித்தவர். வெளியிட்டது விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனம். நமக்குத் தெரிந்த சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள், எல்லார் கையிலும் அதே கட்டு. இதில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற வாசகம். ஒட்டிய உறையில் விற்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். அப்படிச் சேர்த்ததிலிருந்து 60 அட்டைகளைத் தேர்ந்தெடுத்துத் தனக்கென்று ஒரு கட்டு செய்துகொண்டு வந்து எதிராளியின் முன் உட்கார வேண்டும். பாதி ஆட்டம் வீட்டிலேயே, கட்டு செய்யும்போதே நடந்துவிடுகிறது.

இங்கேதான் சிக்கல் வருகிறது. ஆண்டுக்குப் பல முறை புது அட்டைகள் வருகின்றன. இன்று சேரும் பிள்ளை, 1993-இல் வாங்கிய 'பிளாக் லோட்டஸ்' வைத்திருப்பவரோடு எப்படி ஆடும்? ஆகவே 1995 ஜனவரியில் போட்டிகளை இரண்டாகப் பிரித்தார்கள். டைப் 1-இல் ஏறக்குறைய எல்லாம் செல்லும். டைப் 2-இல் சமீபத்திய வெளியீடுகள் மட்டும். டைப் 2-தான் பின்னர் ஸ்டாண்டர்ட் ஆனது. எந்தெந்த அட்டைகளை இந்த மேசைக்குக் கொண்டு வரலாம் என்ற அந்த உடன்பாட்டுக்குத்தான் ஃபார்மட் என்று பெயர். நாம் ஆட்டமுறை என்று சொல்லிக்கொள்வோம்.

ஸ்டாண்டர்டில் பழைய வெளியீடுகள் காலம் முடிந்ததும் வெளியேறும். அதற்குச் சுழற்சி என்று பெயர். அது போக, ஏதாவது ஒரு அட்டை ஆட்டத்தையே கெடுத்தால் அதைத் தடை செய்வார்கள். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: காசு கொடுத்து வாங்கிய அட்டையோடு இனி போட்டியில் உட்கார முடியாது. ஆனால் ஆட்டக்காரர்கள் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

போக்கிமான் அட்டைகளைப் பாருங்கள். 2020-இலிருந்து ஒவ்வொரு அட்டையின் அடியிலும் ஒரு சின்ன ஆங்கில எழுத்து அச்சாகிறது. 2023-இல் 'டி' எழுத்து வெளியேறியது, 2024-இல் 'இ', 2025-இல் 'எஃப்'. மருந்துப் பட்டையில் காலாவதி மாதம் போல வைத்துக்கொள்ளுங்கள். முணுமுணுப்பு உண்டு, ஆனால் கலவரம் இல்லை. வாங்கும்போதே போகப்போகும் பொருள் என்று தெரியும்.

இதற்கு நேர் எதிரானது மேஜிக்கில் 2017 ஏப்ரலில் நடந்தது. சஹீலி ராய், ஃபெலிடார் கார்டியன் என்று இரண்டு அட்டைகள். இரண்டும் சேர்ந்தால் ஒரே முறையில் கணக்கில்லாத பூனைகளை வரவழைத்து ஆட்டத்தை முடித்துவிடலாம். ஏப்ரல் 24 அறிவிப்பில் ஸ்டாண்டர்டில் மாற்றம் இல்லை என்றார்கள். அதை நம்பி அந்தக் கட்டை வாங்கியவர்களும் உண்டு, கைவசம் இருந்ததை விற்காமல் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஏப்ரல் 26 அன்று இன்னோர் அறிவிப்பு: ஃபெலிடார் கார்டியனுக்குத் தடை. இரண்டே நாள். அந்தப் பூனையைப் பிடிக்காதவர்கள்கூடக் கோபப்பட்டார்கள். தடை சரிதான், ஆனால் இனி உங்கள் அறிவிப்பை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தேதி சொல்லி வரும் அறுவைச் சிகிச்சைக்குக் குடும்பம் தயாராகி வரும். நாளை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு இரவில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனால், பிழைத்து வந்த பிறகும் அந்த வார்டின் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்காகத் தேதி சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் ஸ்டாண்டர்டின் சுழற்சியை வேகப்படுத்தினார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். அட்டை கையில் பழகுவதற்குள் போய்விடுகிறது என்று ஆட்டக்காரர்கள் புலம்ப, அதே ஆண்டு அக்டோபரில் பழைய முறைக்கே திரும்பினார்கள். 2023-இல் ஒரு வெளியீடு தங்கும் காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாக நீட்டினார்கள்.

பழகுவது என்று சொன்னேன், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் வார்டில் மருந்து ஏற்றும் பம்பை மாற்றினால் அதிகம் சலித்துக்கொள்வது பழைய கைகள்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு பம்பும் ஒன்றுதான், சொல்லப்போனால் அவர்களுக்கு உள்ளூரச் சந்தோஷம். நேற்றுவரை சீனியருக்கு மட்டும் தெரிந்திருந்தது, இன்று எல்லாருமே சமம். அட்டைக் கடையிலும் அதே காட்சிதான். சுழற்சி நாளில் முகம் மலர்ந்து வருபவர்கள் புதியவர்கள். ஆயிரம் ஆட்டத்தில் விரல்நுனிக்கு வந்த ஒரு கணக்கு ஒரே நாளில் செல்லாமல் போவது பழையவர்களுக்கு. அட்டையை விற்றால் கொஞ்சம் காசாவது வரும். அந்த ஆயிரம் ஆட்டத்தை எங்கே விற்பது?

பழையவர்களின் கோபத்துக்கு நிறுவனம் பணிந்ததும் உண்டு. 1995-இல் 'க்ரானிக்கிள்ஸ்' என்ற தொகுப்பில் கிடைத்தற்கரிய பழைய அட்டைகளை மறுபடி அச்சிட்டார்கள். புதியவர்களுக்குக் கொண்டாட்டம், சேகரித்து வைத்திருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். 1996 மார்ச்சில் ஒரு பட்டியல் வெளியானது, இந்த அட்டைகளை இனி அச்சிட மாட்டோம் என்ற வாக்குறுதியோடு. 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் இன்றும் அதில் இருக்கின்றன. ஆகவே அந்த அட்டைகள் செல்லும் பழைய ஆட்டமுறைகளில் நுழைய வேண்டுமானால் பெரும் பணம் வேண்டும். யாருடைய கோபத்துக்கு முதலில் செவிசாய்க்கிறோமோ அவர்களுக்கே கதவின் சாவி போய்விடுகிறது. 2022-இல் முப்பதாம் ஆண்டு நினைவாக அந்தப் பட்டியலில் உள்ளவற்றையும் சேர்த்து ஒரு பதிப்பு வந்தது. நான்கு உறைகளின் விலை 999 டாலர். அந்த அட்டைகளின் பின்புறம் வேறு, அதிகாரப்பூர்வப் போட்டியில் செல்லாது. வாக்கு மீறவில்லையாம்!

இப்போது கமாண்டர். இதைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன். நிறுவனம் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அலாஸ்காவில் சில நண்பர்கள் தங்களுக்குள் ஆடியது. ஷெல்டன் மெனரி என்ற நடுவர் அதைப் பரப்பினார். 100 அட்டைகள், அடிப்படை நில அட்டைகள் தவிர எதுவும் இரண்டு முறை வரக்கூடாது, பெரும்பாலும் நான்கு பேர் சேர்ந்து ஆடுவது. விதிகளைப் பார்த்துக்கொண்டது நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறு குழு. 2011-இல்தான் நிறுவனம் இதற்கென்று தயார் கட்டுகளை விற்கத் தொடங்கியது. பிறகு அதுவே மேஜிக்கில் மிக அதிகமாக ஆடப்படும் முறையாக வளர்ந்தது. மெனரி 2023 செப்டம்பரில் இறந்தார்.

ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் 23 அன்று, அந்தக் குழு நான்கு அட்டைகளைத் தடை செய்தது. மனா க்ரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு. ஆமாம், நாடு. அது ஒரு பறவைப் பாத்திரத்தின் பெயர். "அம்மா, நாடு பேன்டு" என்று மகன் வந்து சொன்னபோது சிரிப்பை அடக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் சிரிக்கவில்லை.

மனா க்ரிப்ட் முதலில் 1995-இல் ஒரு நாவலோடு வந்த கூப்பனை அனுப்பிப் பெற்றுக்கொள்ளும் இலவசம். நாவல் வாசித்தால் பரிசு, எவ்வளவு நல்ல உலகம் பாருங்கள். 2024-இல் அதன் விலை நூறு டாலருக்கு மேல். ஜுவல்ட் லோட்டஸின் நிலை இன்னும் மோசம். அது தரும் சக்தியைக் கமாண்டர் அட்டையை இறக்க மட்டுமே பயன்படுத்த முடியும். கமாண்டரிலேயே தடை என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குழு சொன்ன காரணம் எளிமையானது. இந்த அட்டைகள் முதல் சில முறைகளிலேயே ஒருவரை எட்ட முடியாத தூரத்துக்குக் கொண்டு போய்விடுகின்றன, மற்ற மூவர் வேடிக்கை பார்க்கிறார்கள். நாலு பேர் மாலைப் பொழுதைக் கழிக்க உட்காரும் ஆட்டத்தில் அது சரியான காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் குழுவினருக்கு மிரட்டல்கள் வந்தன. சம்பளம் வாங்காமல், விருப்பத்தால் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு. ஒரே வாரத்தில், செப்டம்பர் 30 அன்று, கமாண்டரை நிர்வகிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆட்டக்காரர்களே பெற்று வளர்த்த ஒன்றைச் சில ஆட்டக்காரர்களின் வெறி நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2025 ஏப்ரலில் நிறுவனம் ஐந்து பழைய தடைகளை நீக்கியது. இந்த நான்கில் ஒன்றும் அந்த ஐந்தில் இல்லை.

இதில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று. கமாண்டரில் 'ரூல் ஜீரோ' என்று ஒரு வழக்கம் உண்டு. மேசையில் இருக்கும் நால்வரும் சம்மதித்தால் எந்த விதியையும் தளர்த்திக்கொள்ளலாம். வீட்டில், நண்பர்களோடு, மனா க்ரிப்டைத் தாராளமாக ஆடலாம். யாரும் வந்து பிடுங்கப்போவதில்லை. பிறகு ஏன் இவ்வளவு கொந்தளிப்பு? பணம் என்பார்கள். பணம் உண்மைதான். ஆனால் அந்த அட்டைகளையே வைத்திராத என் மகனும் அன்று சாப்பிடாமல் படுத்தான்.

நாங்கள் அயர்லாந்தில் வேலை மாறி வேறு ஊருக்குப் போனபோது அவனுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் யாரும் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை டவுனில் இருந்த அட்டைக் கடைக்குத் தன் 100 அட்டைகளோடு போனான். நான் வெளியே காரில் இருந்தேன், அரை மணி நேரத்தில் வந்துவிடுவான் என்று. கடை மூடும்வரை வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு லாரி டிரைவர், ஒரு கல்லூரிப் பெண், வழுக்கைத் தலையோடு ஒருவர், இவன். அவனுடைய பெயரைக்கூட அவர்கள் இன்னும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. என்ன கமாண்டர் வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆட்டமுறை செய்யும் வேலை இதுதான். முன்பின் தெரியாத நான்கு பேர், ஒரு வார்த்தை பேரம் பேசாமல், எதிரெதிரே உட்கார முடிகிறது. ரூல் ஜீரோ நண்பர்களுக்குள் நன்றாக வேலை செய்யும், நண்பர்களுக்குப் பேசிக்கொள்ள நேரம் இருக்கிறது. புதிதாக வந்தவன், கூச்சப்படுபவன், மொழி தடுமாறுபவன் போய் "இந்த அட்டையை ஆட அனுமதிப்பீர்களா" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்க முடியுமா? அவனுக்கு எழுதிய விதிதான் துணை. தடை வந்த வாரம் கடையில் ஆளுக்கொரு பேச்சு. சிலர் புதுப் பட்டியல்படி ஆடினார்கள், சிலர் ஏற்க மாட்டோம் என்று தனி மேசை போட்டார்கள், சிலர் வரவேயில்லை. வழக்கமான நான்கு பேர் இரண்டு மேசைகளாகப் பிரிந்தார்கள். மகன் சாப்பிடாததன் காரணம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

பிரிந்து போனவர்கள் எங்கே போகிறார்கள்? யூ-கி-ஓ விளையாட்டில் இதற்குச் சுவையான விடை இருக்கிறது. அங்கே பொதுவாகச் சுழற்சி கிடையாது, தடைப்பட்டியல் மட்டும்தான். 2017-இல் அடிப்படை விதியையே மாற்றினார்கள். தனிக் கட்டிலிருந்து வரும் உருவங்களை முன்பு எந்தக் கட்டத்திலும் இறக்கலாம். இனி குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும், கூடுதல் இடம் வேண்டுமானால் 'லிங்க்' என்ற புதுவகை அட்டை வேண்டும் என்றார்கள். பெட்டியில் இருந்த எத்தனையோ பழைய கட்டுகள் புது அட்டை வாங்காமல் மூச்சுவிட முடியாத நிலை. 2020 ஏப்ரலில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்படிப்பட்ட மாற்றங்களில் சலித்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்களுக்குப் பிடித்த ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே காலத்தை நிறுத்திவிட்டார்கள். 2005-ஆம் ஆண்டின் பட்டியலோடு ஆடுவது 'கோட்'. ஸ்கேப்கோட் என்ற அட்டையால் வந்த பெயர். 2010 ஏப்ரலில் நியூஜெர்சியின் எடிசன் நகரில் நடந்த போட்டியின் விதிகளோடு ஆடுவது 'எடிசன்'. மேஜிக்கில் சுவீடன்காரர்கள் 1993, 94 அட்டைகளை மட்டும் வைத்து 'ஓல்டு ஸ்கூல்' தொடங்கினார்கள். ஊரைவிட்டு வந்த ஆண்டின் தமிழையே இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், யூ-கி-ஓவை நடத்தும் கொனாமி நிறுவனமே பிறகு 'டைம் விசர்ட்' என்ற பெயரில் இந்தப் பழைய முறைகளுக்கு அதிகாரப்பூர்வப் போட்டி நடத்த ஆரம்பித்தது. எந்த மாற்றத்துக்குத் தப்பி ஓடினார்களோ, அதைச் செய்தவர்களே பின்னால் வந்து நாற்காலி போட்டார்கள். அந்த உறைந்த ஆண்டுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. 2005-இல் எந்த அட்டை உண்மையில் கடைக்கு வந்திருந்தது, எது வரவில்லை என்று இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் வந்திருக்கின்றன போலிருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.