மரத்தின் பாரமும் உள்ளமைப்பும்

மண்வெட்டிப் பிடி, வேலித்தூண், பந்தற்கால் ஆகியவற்றுக்கு மரந் தெரியும் கமக்காரர் அதனைக் கையில் தூக்கிப் பார்ப்பது வழக்கம். பாரமான மரம் உறுதியானது என்னுங் கருத்துப் பெரும்பாலும் சரியே. ஆயினும், பாரமான மரமெல்லாம் மண்ணில் நெடுநாள் நிலைக்கும் என எண்ணுதல் தவறாகும். இதற்குரிய காரணம் மரத்தின் உள்ளமைப்பில் உள்ளது.

பாரம் வேறுபடுவது ஏன்?

மரம் எண்ணிறந்த நுண்ணிய கலங்களாலானது. கலச்சுவரின் பொருள் எல்லா மரங்களிலும் ஏறத்தாழ ஒரே பாரமுடையது. அதில் ஒரு கன சென்றிமீற்றர் ஏறக்குறைய 1.5 கிராம் நிறுக்கும். ஆகவே, மரத்துக்கு மரம் வேறுபடுவது சுவருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள விகிதமே. உலர்ந்த முள்முருக்கு மரத்தின் நிறை, அதேயளவு நீரின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். அதன் பருமனில் நாலிலொரு பங்குகூடச் சுவரன்று. பாலை மரத்தின் வைரமோ நீரில் அமிழும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுவராகும்.

மரத்தைத் தாங்குபவை நார்கள். நீரை மேலேற்றுபவை காழ்க்கலன்கள். உணவைச் சேமிப்பவை மெல்லிய சுவருள்ள கலங்கள். இவற்றுள் நார்ச்சுவரின் தடிப்பே பாரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. பாலையின் நார்களில் சுவர் தடித்து நடுத்துளை ஏறக்குறைய மூடியிருக்கும். முள்முருக்கில் சேமிப்புக் கலங்கள் அகன்ற பட்டைகளாய் அமைந்துள்ளன. வெட்டுமுகத்தைக் கூரிய கத்தியாற் சீவி உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கின், காழ்க்கலன்கள் ஊசித்துளைகள் போலத் தோன்றும்.

பாரமும் நிலைபேறும்

தேக்கும் இறப்பர் மரமும் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ ஒத்த பாரமுடையன. தேக்கின் வைரத்திற் படிந்துள்ள இயற்கைப் பொருள்கள் கறையானையும் பூஞ்சணத்தையும் தடுக்கின்றன. இறப்பர் மரத்தில் அத்தகைய காப்பு இல்லை, மாப்பொருளோ மிகுதி. ஆதலால், பாதுகாப்பு மருந்து ஊட்டாவிடின் அது விரைவில் உளுத்துப்போகும். எம்மரமாயினும், வைரத்தைச் சூழ்ந்துள்ள வெளிறு என்னும் வெளிர்நிறப் பகுதி மண்ணில் எளிதில் உக்கும்.

கவனிக்க வேண்டியவை

1. பச்சை மரத்தின் பாரத்தில் நீரும் அடங்கும். மரங்களை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

2. பிடிகளுக்குப் பாரமானதும், நார் நேராக ஓடுவதும், கணுவற்றதுமான துண்டைத் தெரிதல் வேண்டும்.

3. தூண்களுக்கு நிலைபேறுடைய மரத்தின் வைரமே உகந்தது. மண்ணுட் புதையும் பகுதியில் வெளிறைச் செதுக்கி நீக்குதல் நன்று.

4. முள்முருக்கை உயிர்வேலிக் கதியாலாக நாட்டலாம். உலர்ந்த தூணாக அது நில்லாது.

அடி உக்கிய ஒரு தூண் சாய்ந்தாலும் அவ்வழியே மாடுகள் புகுந்து பயிரை அழித்துவிடும். எனவே, தூக்கிப் பார்ப்பதுடன் நில்லாது, வெட்டுமுகத்தையும் வைரத்தின் அளவையும் பார்த்தே தூணுக்குரிய மரத்தைத் தெரிதல் வேண்டும்.