விறைத்த விரல்களும் வீட்டாரும்

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டுகளின் உள்ளுறையையே பகையாக எண்ணித் தாக்குவதால் வருவது முடக்குவாதம். உறை வீங்கித் தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. வயதானவர்களுக்கு முழங்காலில் வரும் தேய்மானத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவதில்தான் வீட்டில் குழப்பம் தொடங்குகிறது. முடக்குவாதம் முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகமாக வரும். விரல்கள், மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று சிறு மூட்டுகளில், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒருசேரப் பிடிக்கும். வீட்டு வேலை முழுவதும் யார் கையில் இருக்கிறதோ, பல குடும்பங்களில் அந்தக் கையே முடங்குகிறது.

நோயாளிக்கு மிகக் கடினமான நேரம் காலை. தேய்மானம் உள்ளவர் எழுந்து கொஞ்சம் நடமாடினால் பிடிப்பு விட்டுவிடும். முடக்குவாதத்தில் விறைப்பு தளர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரவில் ரத்தத்தில் கூடுகின்றன. அதைத் தணிக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் விடியும் நேரத்தில்தான் ஏறுகிறது. பால் பாக்கெட்டை வெட்டுவது, குக்கர் மூடியைத் திறப்பது, பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் வந்து விழுகின்றன. பத்து மணிக்கு அதே பெண் உட்கார்ந்து காய் நறுக்குவார். "காலையில முடியலைன்னே, இப்ப மட்டும் எப்படி முடியுது?" என்று யாராவது கேட்பார்கள். காலையில் முடியாதது உண்மை, இப்போது முடிவதும் உண்மை. இந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே உடம்பில் நடக்கும் என்பதை வீட்டார் ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

நாளுக்கு நாளும் இதே கதைதான். சில வாரங்கள் நோய் அடங்கிக் கிடக்கும். பிறகு காரணம் தெரியாமலேயே சீறும். சனிக்கிழமை கல்யாண வீட்டில் பட்டுப்புடவை கட்டிச் சிரித்துப் பேசியவர் திங்கட்கிழமை சீப்பைப் பிடிக்க முடியாமல் தவிப்பார். பார்த்தவர்களுக்குச் சனிக்கிழமைதான் நினைவில் நிற்கிறது. திங்கட்கிழமையைப் பார்ப்பவர்கள் வீட்டார் மட்டுமே. அவர்களும் நம்பாவிட்டால் நோயாளி வலியை மறைக்கப் பழகிவிடுகிறார், அல்லது ஒவ்வொரு முறையும் வலியை நிரூபிக்க வேண்டியவராகிறார்.

வலியைவிடவும் விளக்கக் கடினமானது களைப்பு. ராத்திரி நன்றாகத் தூங்கினாலும் தீராத களைப்பு இது. உடல் முழுவதும் ஓயாமல் நடக்கும் அழற்சியும், அதனால் வரும் ரத்தசோகையும் இதற்குக் காரணம். லூபஸ் என்ற இதே வகை நோயுள்ள அமெரிக்கப் பெண் கிறிஸ்டின் மிசராண்டினோ இதை விளக்க ஒரு வழி கண்டார். உணவகத்தில் தோழி ஒருத்தி நோயோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்க, சுற்றியிருந்த கரண்டிகளைத் திரட்டி அவள் கையில் கொடுத்தார். குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று, சமைக்க ஒன்று என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டே வந்தார். நாள் முடியும் முன்பே கரண்டிகள் தீர்ந்துபோயின. 2003-இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரைக்குப் பிறகு, நாள்பட்ட நோயுள்ளவர்கள் பலரும் தங்கள் தெம்பைக் கரண்டிக் கணக்கில் சொல்லத் தொடங்கினார்கள். தமிழ் வீடுகளிலும் இந்தக் கணக்கு செல்லும். மாவரைக்க இரண்டு, விருந்தினர் வந்தால் மூன்று, தலைக்குக் குளித்தால் இரண்டு என்று வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், "ஏன் முடியலை" என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

வீட்டார் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது மருந்துக் கணக்கு. முடக்குவாதத்துக்கு முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறிப்போய்த் தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டமிட்டு, மாத்திரை எடுத்துத் தருகிற எல்லோருக்கும் சொல்லிவைப்பது நல்லது. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதற்குள் "ஒரு மாசமா சாப்பிடுறே, ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்லி நிறுத்த வைப்பது பெரிய தீங்கு. வலி போய்விட்டது என்று நிறுத்துவதும் அப்படித்தான். ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டு பழையபடி ஆவதில்லை. அக்கறையோடு சொந்தக்காரர்கள் வாங்கி வரும் பெயர் ஒட்டாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். இரண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்பட வேண்டும்.

உதவி செய்வதிலும் ஒரு பக்குவம் தேவை. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு "நீ சும்மா உக்காரு" என்று சொல்வது பாசம்தான்; ஆனால் அது ஒரு மனிதரை வீட்டின் மூலையில் உட்கார வைத்துவிடும். அசையாத மூட்டு இன்னும் இறுகும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு இந்த நோய் வந்து விரல்கள் மடங்கிப்போயின. 1915-இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தில், அவருடைய கடைசி மகன் தூரிகையை எடுத்து அப்பாவின் கையில் வைக்கிறான், வரைவது அப்பா. தமிழ் வீட்டில் இதுவே வேறு உருவம் எடுக்கும். திருகு குழாயை மாற்றி நெம்புக் குழாய் பொருத்துவது, கனத்த பாத்திரங்களை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவருவது, ராத்திரியே பாட்டில் மூடிகளைத் தளர்த்தி வைப்பது, துணி பிழியும் வேலையை வேறொருவர் ஏற்பது. இவையெல்லாம் கேட்காமலே நடந்தால் நோயாளிக்குக் கேட்கும் கூச்சமும் மிச்சம்.

திருமணமும் பிள்ளைப்பேறும் வரும்போது மறைப்பதால்தான் சிக்கல் வருகிறது. மாமியார் பார்த்துவிடுவாரே என்று மாத்திரையைத் தள்ளிப்போடும் மருமகள்களின் மூட்டுகள் கெட்டுவிடுகின்றன. மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவர் அதை நிறுத்தி வேறு மருந்து தருவார். கணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணியும், பிரசவத்துக்குப் பின் சீறும். கைக்குழந்தையைத் தூக்க முடியாத அந்த மாதங்களில் பெண்ணைக் குறை சொல்லாமல் தோள் கொடுக்க ஆள் வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகளுக்கும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அம்மா தூக்காததற்குக் கோபம் காரணமில்லை, இந்த நோய் தொட்டால் ஒட்டாது என்று அவர்களுக்குப் புரியும் சொற்களில் சொன்னால் போதும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது பல வழிகளில் உதவும். "பரவாயில்லை டாக்டர்" என்று நோயாளி சொல்லி முடிக்கும்போது, காலையில் எத்தனை மணிக்கு விரல் மடங்கியது, போன மாதம் எத்தனை நாள் படுத்தே கிடந்தார் என்று கூட வந்தவர் சொல்லலாம். மருந்தின் அளவை முடிவு செய்ய ரத்தப் பரிசோதனையோடு இந்த விவரமும் மருத்துவருக்கு வேண்டும்.