பின்னோக்கி நடந்தா ஓட்டத்துல வேகம் கூடுமா? காவலர் தேர்வுக்குத் தயாராகுறவங்களுக்கு ஒரு விளக்கம்

கொடுங்கையூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் விடியற்காலையில் ஓடுபவர்களில் பலரின் இலக்கு காவலர் வேலைதான். உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் முடிக்கணும். சில விநாடி தவறினாலே வாய்ப்பு போயிடும். ‘பின்னாடி நடந்தா வேகம் வரும்’ என்ற பேச்சு உண்மையா?

உடம்புல என்ன மாறுது?

முன்னோக்கி நடக்கையில் குதிகால் முதலில் தரையைத் தொடும். பின்னோக்கி நடக்கையில் கால்விரல் பகுதி முதலில் தொடும். தொடையின் முன்பக்கத் தசைக்கு வேலை கூடும். மணிக்கு சுமார் 5.6 கி.மீ. வேகத்தில் முன்னோக்கி நடப்பதைவிட, பின்னோக்கி நடக்க ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகும்.

ஆய்வுகள் என்ன சொல்லுது?

2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பெண்கள் வாரம் 4 நாள், தினமும் 10 முதல் 15 நிமிடம் பின்னோக்கி நடந்தாங்க. 4 வாரத்தில் பின்தொடைத் தசையின் நெகிழ்வு கூடியது. பங்கேற்றவர்கள் 10 பேர்தான்.

2020-ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், 13 முதல் 15 வயதுச் சிறுவர்கள் 8 வாரம் பின்னோக்கி ஓடிப் பயிற்சி செய்தாங்க. குறுகிய தூர வேகமும் குதிக்கும் உயரமும் கூடின. ஆனா அது 20 மீட்டர் ஓட்டம். 1,500 மீட்டருக்கும் இதே பலன் கிடைக்கும்னு இதை வச்சு சொல்ல முடியாது. அதனால் வழக்கமான ஓட்டப் பயிற்சியைக் குறைக்காம, கூடுதலா மட்டும் இதைச் சேருங்க.

எங்கே, எப்படி செய்யலாம்?

குப்பை லாரியும் தண்ணி லாரியும் போற தெருவில் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடியும் வேண்டாம், தடுப்புச்சுவர் தாழ்வா இருந்தா ஆபத்து. பள்ளம், கல் இல்லாத விளையாட்டுத் திடலே சரி.

* முதலில் 10 நிமிடம் வார்ம்-அப்.
* நண்பர் ஒருத்தர் எதிரே முன்னோக்கி நடந்து வந்து, உங்களுக்குப் பின்னாடி இருப்பதைப் பார்த்துச் சொல்லட்டும்.
* 20 மீட்டர் தூரம், 4 அல்லது 5 முறை மெதுவா நடங்க. ஹெட்போன் வேண்டாம்.
* உடம்பு பழகிய பிறகே மெதுவான ஓட்டம்.

கெண்டைக்காலில் முதல் சில நாள் வலி இருக்கலாம். அதனால் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புதுசா தொடங்காதீங்க. முழங்கால் வலியோ தலைசுற்றலோ இருந்தா மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யுங்க.