விரல் விறைத்தால் கழுத்தையும் கவனியுங்கள்

புத்தளம் உப்பளங்களில் சுமை தூக்குவோரும் கற்பிட்டிக் கரையில் வலை இழுப்போரும் கை விறைப்பைக் களைப்பென்று எண்ணித் தைலம் தடவி விட்டுவிடுவதுண்டு. ஆனால், கையில் தெரியும் கோளாறின் மூலம் கழுத்திலும் இருக்கலாம். கழுத்து முள்ளந்தண்டிலிருந்து 8 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் கீழ் 4 சோடிகளே பெரும்பாலும் கைகளை இயக்குகின்றன. பிதுங்கிய இடைத்தட்டு அவற்றை அழுத்தினால் வலி கழுத்திலிருந்து விரல்வரை இறங்கும். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டால் பெருவிரல் முதல் நடுவிரல் வரை, குறிப்பாக இரவில், விறைக்கும். முழங்கையிலாயின் சிறுவிரல் விறைக்கும்.

பலருக்கு ஓய்வும் பயிற்சியுமே போதுமானவை. எனினும் பிடி தளர்ந்தாலோ, தசை மெலிந்தாலோ, நடை தடுமாறினாலோ வைத்தியரை நாடத் தாமதிக்கலாகாது. நெடுநாள் நசுங்கிய நரம்பு முழுமையாக மீளாமற் போகலாம். கையையே மூலதனமாகக் கொண்டவருக்கு அது குடும்பத்தின் இழப்பாகும்.